தொலைந்ததாகச் சொன்ன ஸ்பிரிங்

சட்டையின் முதுகை நேசபாய் காலரிலிருந்து அடிவரை நேராக வெட்டினாள். இறந்தவருக்குச் சட்டை போட வேறு வழி கிடையாது. ஐஸ் பெட்டியில் ராத்திரி முழுக்கக் கிடந்த கை மடங்காது, தூக்கினாலும் வராது. உயிரோடு இருந்தபோது மட்டும் அந்தக் கை யார் சொல்லுக்கு மடங்கியது. போன கிறிஸ்மசுக்கு அவளே தைத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை அது. அருமனை ஊரில் பாதிப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்த கை என்பதால் கத்தரிக்கோல் எங்கும் தயங்கவில்லை. சட்டையைப் போட்டதும் காலரை மட்டும் பின்பக்கம் நாலு தையல் போட்டு இழுத்துக் கட்டினால், முன்னால் நின்று பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது.

மகள் பிரீனா பவுடர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அழுதபடி நின்றாள். நேசபாய்க்கு அழுகை நேற்றே வந்து போய்விட்டது. ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரை வாசலில் கணவர் யேசுரத்தினம் சரிந்து உட்கார்ந்ததை முதலில் பார்த்தவள் அவள்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டி பாதி வழியில் திரும்பி வந்தது. அப்போது அழுததோடு சரி. இப்போது வேலை கிடக்கிறது.

மகன் எபின் அறை வாசலில் வந்து நின்றான். மஸ்கட்டிலிருந்து விடியற்காலையில் திருவனந்தபுரத்தில் இறங்கி வந்தவன், இன்னும் முகம்கூடக் கழுவவில்லை.

"அம்மா, அலமாரிக்க சாவி எங்க?"

"என்னத்துக்கு?"

"சிவபிரசாத் வந்திருக்கான். அப்பாக்க ரிவால்வரை ஸ்டேஷன்ல கொண்டு ஒப்படைக்கணுமாம். லைசென்ஸ் இருந்த ஆளு போனா வீட்டுல வச்சிருக்கப்பிடாதாம்."

சிவபிரசாத் அடுத்த வீட்டுப் பையன், போலீஸ்காரன். யூனிஃபார்ம் போடாமல் வேட்டி கட்டிக்கொண்டு, துக்கம் கேட்க வந்த கையோடு இதையும் மரியாதையாகச் சொல்லியிருக்கிறான்.

"அந்த இரும்புத் துண்டுக்கா இந்த அவசரம்? அடக்கம் கழியட்டு."

"இல்லம்மா, இப்பமே குடுத்து விட்டிருவோம். வீடு நெறய ஆளு நிக்கு, சின்னப் பிள்ளைக ஓடி நடக்கு."

"அது செத்து எவ்வளவு காலம் ஆச்சு மக்கா. அவருக்கு முந்தியே அதை நாம அடக்கம் பண்ணியாச்சுல்லா."

துக்க வீட்டில் சொல்லத்தகாத பேச்சுதான். ஆனால் அந்தப் பேச்சு அந்த வீட்டில் பழகிப்போன ஒன்று. சொன்னால் யாராவது சிரிப்பார்கள். எபின் சிரிக்கவில்லை, அவள் முகத்தையும் பார்க்கவில்லை. நேசபாய் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, என்னமோ தோன்றி, தானும் எழுந்து அவன் பின்னால் போனாள்.

அந்த ரிவால்வர் செத்த கதை சபையில் பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். யேசுரத்தினம் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிறவர். சந்தை நாட்களில் பணத்தோடு தனியாக வருகிறவர் என்று லைசென்ஸ் வாங்கி, பழைய இங்கிலீஷ் ரிவால்வர் ஒன்றை ஒரு தோட்டத்துக்காரரிடமிருந்து வாங்கினார். அதை வைத்து அவர் கள்ளன் யாரையும் விரட்டியதில்லை. ஒரே ஒரு முறைதான் அது வேலைக்கு வந்தது, அதுவும் வீட்டுக்குள்ளே.

அன்றைக்கு நேசபாய், அக்கா மகள் கல்யாணத்துக்குக் கொட்டாரம் போக வேண்டும் என்று சொன்னாள். அவர் போகக்கூடாது என்றார். அவள் போவேன் என்றாள். அவர் எழுந்து உள்ளே போய் ரிவால்வரை எடுத்து வந்து, சாப்பாட்டு மேஜையில் மீன்குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். குழல் அவளைப் பார்த்து இருந்தது. பிறகு ஒரு வார்த்தை பேசாமல் மரச்சீனிக் கிழங்கைக் குழம்பில் தொட்டுத் தொட்டுத் தின்றார். கறி போதாது என்று கண்ணால் காட்டினார். அவள் ஊற்றினாள். எபினும் பிரீனாவும் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கொட்டாரத்துக்குப் பஸ் ஏறியவள் கல்யாணம் முடிந்தும் திரும்பவில்லை. சபைக்காரர்கள் வந்து பேசினார்கள். அது அந்த வீட்டில் இருக்கும்வரை வரமாட்டேன் என்றாள். லைசென்சைத் திருப்பிக் கொடுத்தால் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்றார் யேசுரத்தினம். கடைசியில் சபைச் செயலராக இருந்த ராஜையன்தான் வழி சொன்னார்: துப்பாக்கி இருக்கட்டும், சுடாமல் ஆக்கிவிடுவோம். ஊரில் அவர் கௌரவமும் கெடாது, நேசபாய்க்குப் பயமும் இருக்காது. இந்த மாதிரி ஒரு தீர்ப்பை நம் சபைக்காரர்களால்தான் சொல்ல முடியும்.

போதகர் வீட்டு முன்னறையில் எல்லோரும் பார்க்க அது நடந்தது. திருப்புளி நேசபாயின் தையல் மெஷினுக்கு உள்ளது. யேசுரத்தினம் கைப்பிடியின் திருகாணியைக் கழற்றினார். பிடித்த பிடியில் திருகாணியின் தலை சிதைந்தது. கறுத்த பிடியின் ஓரமும் தெறித்தது. இரண்டு பக்கத்துப் பிடிகளையும் எடுத்ததும் உள்ளே கவட்டை போல மடங்கிய பட்டை ஸ்பிரிங் ஒன்று தெரிந்தது. குறட்டால் நெருக்கி அதை வெளியே எடுத்தார். எடுத்ததும் தோட்டாவைத் தட்டுகிற சுத்தியல் தலை துவண்டு இப்படியும் அப்படியும் ஆடியது. விசையை அழுத்திக் காட்டினார். ஒரு சத்தமும் இல்லை. போதகர் ஸ்பிரிங்கை மேஜையில் வைத்து ஜெபம் பண்ணினார். ஜெபம் முடிந்ததும் யேசுரத்தினம் அதை எடுத்து நேசபாயின் உள்ளங்கையில் வைத்தார்.

"இந்தா, நீயே வச்சுக்கோ. இது இல்லாம அதுக்கு உசிரு இல்ல."

கல்யாணத்தன்று மோதிரம் போட்டபோதுகூட அவர் குரல் அப்படி இறங்கியதில்லை. அவள் வீட்டுக்கு வந்தாள். ஸ்பிரிங்கைத் தையல் மெஷின் இழுப்பறையில், நூல் சுற்றும் பாபின்களுக்கு நடுவே போட்டு வைத்தாள். மெஷினுக்கு எண்ணெய் விடும்போதெல்லாம் துருப்பிடிக்காமல் அதற்கும் ஒரு சொட்டு விட்டாள்.

அடுத்த வருஷம் யேசுரத்தினம், தெறித்துப்போன கைப்பிடி பார்க்க அசிங்கமாக இருக்கிறது, மாற்ற வேண்டும் என்றார். நேசபாயின் சீதனப் பெட்டி ஈட்டிமரம். அதன் மூடிப் பலகை ஒன்று விரிந்து கழன்று கிடந்தது. அதில் ஒரு துண்டு தருவாயா என்று கேட்டார். அவர் அவளிடம் தருவாயா என்று கேட்டதே அதுதான் முதல் தடவை.

"செத்த பாம்புக்குப் புதுச்சட்டை வேணுமாக்கும்" என்று கேலி செய்துகொண்டே பலகையைத் துடைத்து எடுத்துக் கொடுத்தாள். மனசுக்குள் அவ்வளவு சந்தோஷம். இனி அதைப் பார்க்கும்போதெல்லாம் தன் வீட்டு மரம்தான் கண்ணில் படும் என்று நினைத்தாள். காலேஜில் படித்துக்கொண்டிருந்த எபினையும் கூட்டிக்கொண்டு அவர் திருவனந்தபுரத்துக்குப் போய், சிவந்து மினுங்கும் ஈட்டிப் பிடியோடு திரும்பி வந்தார்.

அதற்குப் பிறகு நேசபாய்க்கு நாக்கு முளைத்தது. நினைத்ததைப் பேசினாள். வாங்கி வைத்த பிராந்தியைக் கழுவுதொட்டியில் கொட்டிவிட்டு, கொட்டியவள் நான்தான் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாள். குடித்துவிட்டு வந்தவரை ஒரு ராத்திரி திண்டாட விட்டுக் கதவைத் திறக்காமல் உள்ளே கிடந்து தூங்கினாள். தேர்தல் வந்தால் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அவளே அதைத் துவர்த்துத் துண்டில் பொதிந்து கொடுத்து, "அடுப்பு ஊதவாவது பிரயோசனப்படுமாண்ணு அவங்ககிட்ட கேளுங்க" என்று சிரிப்பாள். அவரும் சிரிப்பார். வயிறு குலுங்கச் சிரிப்பார்.

துணி வெட்டும்போது காற்றில் பறக்காமல் இருக்க, உறையோடு அதை எடுத்துப் பாரமாக வைத்த நாட்கள் உண்டு. ஒருநாள் பிரீனாவின் மகள் விளையாடக் கேட்டபோது அவள் கையில் கொடுத்துவிட்டாள். யேசுரத்தினம் ஓடிவந்து பிடுங்கியபோது அவர் முகம் வெளிறிப் போயிருந்தது. உள்ள உயிரெல்லாம் அந்த இரும்பில்தான் வைத்திருக்கிறார் கிழவர் என்று நினைத்தாள்.

படுக்கையறையில் எபின் அலமாரியைத் திறந்து, மேல்தட்டிலிருந்து உறையை எடுத்து சிவபிரசாத்திடம் கொடுத்தான். பிரீனா பவுடர் டப்பாவோடு வாசலில் வந்து நின்றாள். சிவபிரசாத் கட்டிலோரம் திரும்பி நின்று, ரிவால்வரின் மேல்கொண்டியைத் தள்ளிக் குழலைக் கீழே மடக்கினான். அது இரண்டாக வாய் பிளந்தது. தோட்டாக்கள் எழும்பி ஒவ்வொன்றாக மெத்தை விரிப்பில் விழுந்தன. நேசபாய் படுக்கும் பக்கம்தான் அது.

"ஃபுல்லா லோடு பண்ணி வச்சிருக்காரு" என்றான் அவன், தனக்குள் சொல்வது போல. காலி என்று கண்ணால் ஒருமுறை சரிபார்த்து, குழலை மூடி, ஜன்னலுக்கு வெளியே தரையைப் பார்த்து நீட்டி விசையை அழுத்தினான்.

டக்.

சின்னச் சத்தம்தான். கூடத்தில் இருந்தவர்கள் யாருக்கும் கேட்டிருக்காது. ஆனால் தலை துவண்டு ஆடிய சுத்தியலை நேசபாய் தன் கண்ணால் பார்த்தவள். ஸ்பிரிங் இல்லாமல் அந்தச் சத்தம் வராது. அவள் எபினைப் பார்த்தாள். எபின் பிரீனாவைப் பார்த்தான். பிரீனா தரையைப் பார்த்தாள். பிள்ளைகளுக்கு இது முந்தியே தெரியும் என்று நேசபாய்க்கு விளங்கிவிட்டது.

ஜன்னலோரம் தையல் மெஷின். அவள் போய் இழுப்பறையைத் திறந்து திருப்புளியை எடுத்தாள். பாபின்களுக்கு அடியில் தடவி ஸ்பிரிங்கையும் எடுத்தாள். அது அங்கேயேதான் இருந்தது.

"அதை இங்க தா மக்கா."

"அம்மா, இனி அதைத் தொடப்பிடாது" என்றான் சிவபிரசாத்.

"ஓடிப் போகமாட்டேன். தா."

அவன் எபினைப் பார்த்துவிட்டுக் கொடுத்தான். நேசபாய் மெஷின் பலகையில் வைத்துத் திருகாணியைத் திருகினாள். சிதைந்த பழைய திருகாணி இல்லை, புதிது, வழுக்காமல் வந்தது. ஈட்டிப் பிடிகள் இரண்டும் கழன்று விழுந்தன. உள்ளே வேறொரு ஸ்பிரிங், எண்ணெய்ப் பளபளப்போடு விறைத்து நின்றது.

"எப்பம் இருந்து?" என்று கேட்டாள்.

"அம்மா, இப்பம் வேண்டாம். போதகர் வந்தாச்சு."

"எப்பம் இருந்துண்ணு கேட்டேன்."

எபின் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பிடி மாத்துனப்பம் இருந்து. கடைக்காரன் பழைய பிடியைக் கழட்டினான். திருகாணி தேஞ்சு கெடந்து. அடியில பிடியைத் தாங்குத குட்டி ஆணி முறிஞ்சு கெடந்து. இதெல்லாம் மாத்தாம புதுப்பிடி ஒக்காராதுண்ணு சொன்னான். கேடானது எல்லாத்தையும் மாத்தும்ணு அப்பா சொன்னாரு. பொறவு உள்ள பாத்துட்டு, ஸ்பிரிங் எங்கண்ணு கேட்டான்."

"அவரு என்ன சொன்னாரு?"

அவன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"சொல்லுலே."

"தொலைஞ்சு போச்சுண்ணு சொன்னாரு."

நேசபாய் கையிலிருந்த ஸ்பிரிங்கைப் பார்த்தாள். எண்ணெய் விட்டு எண்ணெய் விட்டு அதில் ஒரு பொட்டுத் துரு இல்லை.

"பஸ்ல வரும்பம் எனக்கிட்ட சொன்னாரு" என்றான் எபின். "அம்மாட்ட சொல்லாண்டாம், அவ உறங்கமாட்டாண்ணு. நான் அப்பம் சின்ன பயல்தானே. பொறவு சொல்லலாம்ணு நெனச்சேன். பொறவு நீங்க சந்தோஷமா இருந்தீங்க."

"ஏட்டி, நீயும்?"

பிரீனா அழுதாள். "பிள்ளை கையில நீங்க அதைக் குடுத்தீங்கல்லா, அண்ணைக்குத்தான் அப்பா சொன்னாரு. அதுக்குப் பொறவு நான் பிள்ளைய இந்த அறைக்குள்ள விட்டதே இல்லம்மா."

பிள்ளைக்குத் தூசி ஆகாது, தும்மல் வரும் என்றுதான் பிரீனா அப்போது சொன்னாள். பாட்டி தைக்கிற அறைக்கு வராமல் பிள்ளை வாசலில் நின்றே பேசிவிட்டுப் போகும். நேசபாயும் வாரம் தவறாமல் தூசி தட்டினாள், தரையைத் துடைத்தாள். தன் பிள்ளைக்கு மட்டும் தெரிந்தால் போதும், அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று மகள் தீர்மானித்திருக்கிறாள். மெஷினில் குனிந்து தைத்துக்கொண்டிருக்கும் அம்மாவின் தலைக்கு மேல்தட்டில் தோட்டா நிறைத்து வைத்திருப்பது தெரிந்தும், "அம்மா, இந்த ஜாக்கெட்டுக்குக் கொஞ்சம் கை இறக்கம் வேணும்" என்று பேசிவிட்டுப் போயிருக்கிறாள்.

"ஒரு நாளாவது அதை எடுத்தாராம்மா?" என்றான் எபின். "உங்களுக்கு நேரே ஒரு நாள் நீட்டினாரா? அது சும்மாதானே இருந்து."

"சும்மா இருந்ததுக்கு நான் அவருக்கு நன்றி சொல்லணுமா மக்கா?"

கூடத்தில் பெண்கள் பாட்டு எடுத்துக் கொடுத்தார்கள்.

அவளுக்கு நெஞ்சு எரிந்தது. பயம் அல்ல, பயப்பட இனி என்ன இருக்கிறது. பிராந்தியைக் கொட்டியதும், கதவைப் பூட்டிவிட்டுப் படுத்ததும், வாய்க்கு வாய் பேசியதும் தன் தைரியம் என்று நினைத்திருந்தாள். அவர் விட்டுக்கொடுத்தார், திருந்தினார், ஒருவருக்கொருவர் சமமாகிவிட்டோம் என்று நினைத்திருந்தாள். அந்தப் பக்கம் அவர் எல்லாம் தெரிந்து உட்கார்ந்திருந்தார். அடுப்பு ஊதத்தான் லாயக்கு என்று அவள் சொன்னபோது, தோட்டா போட்டு வைத்த மனுஷன் வயிறு குலுங்கச் சிரித்தாரே, அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவர் தன்னோடு சேர்ந்து சிரிக்கிறார் என்று இத்தனை காலம் எண்ணியிருந்தாள்.

சிவபிரசாத் மெதுவாகக் கேட்டான். "அம்மா, பிடியைத் திருப்பிப் போடட்டுமா?"

"லைசென்ஸ்ல பிடி எழுதியிருக்கா?"

"இல்ல. நம்பர் இரும்புலதான் அடிச்சிருக்கு."

"அப்பம் இரும்பைக் கொண்டு போ. இது எனக்க பெட்டிக்க பலகை."

அவன் எலும்பு தெரிகிற மாதிரி வெறும் பிடியோடு கிடந்த அதையும் தோட்டாக்களையும் துவர்த்தில் பொதிந்துகொண்டு பின்வாசல் வழியாகப் போனான். நேசபாய் ஈட்டித் துண்டுகளைத் திருப்பிப் பார்த்தாள். வெளிப்பக்கம் அவர் கை பட்டுப் பட்டு மழுங்கி வழவழப்பாக இருந்தது. அடிக்கடி எடுத்துப் பிடித்துப் பார்த்திருக்கிறார், அவள் இல்லாத நேரங்களில். உள்பக்கம் பழைய பலகை, மினுக்கு ஏறாமல் அப்படியே கிடந்தது. இரண்டையும் இழுப்பறையில் பாபின்களுக்கு நடுவே போட்டு மூடினாள். ஸ்பிரிங்கைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டாள்.

கூடத்தில் யேசுரத்தினத்துக்குச் சட்டை போட்டு, காலரைப் பின்னால் இழுத்துத் தைத்து, சவப்பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். அந்த நாலு தையலையும் முன்னாலேயே கூடத்துக்கு வந்துவிட்ட பிரீனாவே போட்டிருக்க வேண்டும். அம்மா வருவாள் என்று காத்திருந்தவளை, நேரமாகிறது என்று யாரோ அவசரப்படுத்தியிருப்பார்கள். கைகள் நெஞ்சில் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. போதகர் ஜெபித்தார். அந்தப் பழைய போதகர் மாற்றலாகிப் போய் எவ்வளவோ காலம், இவர் இளையவர். நல்ல கணவர், குடும்பத்தைச் சமாதானத்தோடு நடத்தியவர் என்று சொன்னார். சபையார் ஆமென் என்றார்கள். நேசபாயின் வாய் அசையவில்லை.

ஒவ்வொருவராக வந்து முத்தம் கொடுத்து நகர்ந்தார்கள். எபின் நெற்றியில் கொடுத்தான். பிரீனாவைப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. கடைசியில் ராஜையன், தள்ளாத வயதிலும் ஊன்றுகோலோடு வந்து நின்று எல்லாவற்றையும் நடத்துகிறவர், நேசபாயின் பக்கம் திரும்பினார்.

"நேசபாயி, வா பிள்ள. கடைசியாட்டு ஒரு முத்தம் குடு."

அவள் போய் நின்றாள். கைக்குட்டையை யேசுரத்தினத்தின் கைகளுக்கு மேல் விரிப்பது போல விரித்து, உள்ளே சுற்றியிருந்ததை அவர் உள்ளங்கைக்கு அடியில் தள்ளினாள். விரல்கள் இடம் கொடுக்கவில்லை. ஒவ்வொன்றாக நெம்பி, நன்றாக உள்ளே ஏற்றினாள். கவட்டையின் ஒரு நுனி மட்டும் கைக்குட்டையைத் துருத்திக்கொண்டு நின்றது. அதையும் அழுத்திவிட்டாள். எதிரே நின்ற எபின் பார்த்துவிட்டான். ஏதோ சொல்ல வாயெடுத்து, போதகர் நிற்பதைப் பார்த்து மூடிக்கொண்டான்.

வந்த வேலை முடிந்தது என்று அவள் திரும்பப் போனாள். அப்போதுதான் காலரில் அது கண்ணில் பட்டது. பிரீனா தைத்துவிட்டு நூலை ஒட்ட வெட்டவில்லை. ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளை நூல் காதுக்குக் கீழே கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கத்தரிக்கோல் கையில் இல்லை. இப்படியே விட்டுவிட்டுப் போக அவளால் முடியவில்லை.

குனிந்தாள். முகம் அவர் கழுத்தில் படும்படி தாழ்ந்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சட்டைத்துணியின் கஞ்சி வாசனையும் பவுடர் வாசனையும் வந்தன. கூடத்தில் பெண்கள் அதைப் பார்த்துப் பெருங்குரலெடுத்து அழுதார்கள். யாரோ அவள் தோளைப் பிடித்து நிமிர்த்தினார்கள்.

"மூடலாமா?" என்று ராஜையன் கேட்டார்.

அவள் தலையை அசைத்தாள். வாயைத் திறக்க முடியவில்லை. நூல் நாக்கில் ஒட்டியிருந்தது. அதைத் துப்ப ஓரிடம் கிடைக்காமல், பாட்டுப் பாடுகிற கூட்டத்தின் நடுவே கல்லறைத் தோட்டம் வரைக்கும் நடந்தாள்.